முப்பத்தேழாவது கம்பி

பொத்தேரியில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் ஹஃபீசாவுக்குக் கம்பி கட்டும் வேலை. விண்ணிலிருந்து வரும் துகள்களைக் கண்டறியும் வாயுப் பெட்டிக்குள், தலைமுடியைவிட மெல்லிய கம்பிகளை இழுத்துக் கட்டுவாள். ஒவ்வொன்றையும் அதிரவைத்து விறைப்பை அளப்பாள். பதினோரு வருடத்தில் அவள் கட்டிய கம்பி ஒன்றுகூட அறுந்ததில்லை.

அன்று முப்பத்தேழாவது கம்பியின் அதிர்வு மட்டும் குறைவாக இருந்தது.

“சார், இது தளர்ந்துடுச்சு. வோல்டேஜ் ஏத்தினா ஆடி ஆடிப் பக்கத்துத் தகட்டுல பட்டுடும்.”

“ஒண்ணுதானேம்மா? மத்த ரெண்டு பெட்டி காலையிலேருந்து ஓடுதுல்ல? நாளைக்கு இன்ஸ்பெக்‌ஷன். ஆன் பண்ணுங்க,” என்றார் பேராசிரியர் சுகுமார்.

மின்னழுத்தம் ஏற ஏற மீட்டர் முள் நடுங்கியது. ஹஃபீசா சுவிட்சின் மேல் விரலை வைத்தாள். பெட்டிக்குள் ‘சிட்’டென்று ஒரு சத்தம். அவரைக் கேட்காமலே அணைத்தாள்.

“யாரைக் கேட்டு ஆஃப் பண்ணீங்க?”

அவள் வாயுவை வெளியேற்றி, மூடியைத் திறந்து, எல்லாக் கம்பிகளையும் மறுபடி அளந்தாள். காலையில் சரியாக இருந்த ஒன்பது கம்பிகள் இப்போது தளர்ந்திருந்தன. அவற்றின் முனைகளைப் பிடித்திருந்த, இந்த முறை புதிதாகப் போட்ட உலோகப் பின்கள் நழுவிக்கொண்டிருந்தன.

சுகுமாரின் முகம் வெளிறியது. “மத்த ரெண்டு பெட்டி?”

“அதுலயும் இதே பின்தான் சார்.”

அவை இரண்டும் பக்கத்து அறையில் காலையிலிருந்து ஓடிக்கொண்டிருந்தன. இருவரும் ஓடிப்போய்க் கதவைத் திறந்தபோது கருகிய வாடை முகத்தில் அடித்தது.