காலி அறையில் அளந்த காற்று

காற்றுக்கு வழி அமைத்துக் கொடுப்பதுதான் என் தொழில். பதினோரு வருஷம் வளைகுடாவில் ஏ.சி. காற்று போகிற தகர டக்ட் கட்டிவிட்டு ஊர் திரும்பியபோது, போடியில் இதற்கு என்ன சோலி இருக்கிறது என்று சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். சோலி மலையில் இருந்தது. ஏலக்காய் காய வைக்கும் கட்டடத்தை எங்கள் பக்கம் ஸ்டோர் என்பார்கள். பறித்த பச்சைக்காயைக் கழுவி, கம்பிவலைத் தட்டுகளில் பரப்பி, தட்டுகளை அறைக்குள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, அடியிலிருந்து சூடான காற்றை விடவேண்டும். விறகு அடுப்பு சூட்டைக் கொடுக்கும், புளோயர் என்கிற பெரிய விசிறி அதை டக்ட் வழியாகத் தள்ளும். சாயங்காலம் ஏற்றிய காய் மறுநாள் காலைக்குள் ஒழுங்காகக் காய்ந்தால் பச்சை மாறாது. காற்று போதாவிட்டால் வெளுத்து மஞ்சளாகிவிடும். மஞ்சள் காயைப் போடி வியாபாரிகள் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள்.

போடிமெட்டுக்கு மேலே ஓர் எஸ்டேட்டில் அப்படி மஞ்சளாக வந்துகொண்டிருந்தது. கீழ்த்தட்டுக் காய் நன்றாக இருக்கும், மேல்தட்டுக் காய் வெளுத்திருக்கும். என்னைக் கூப்பிட்டார்கள்.

முதலாளி போடியில் குடியிருப்பவர். எதற்கும் ஒரே மருந்துதான் அவரிடம்.

"மோட்டார் சின்னது பாய். பெருசாப் போட்டுட்டா சரியாப் போகும்."

அப்படி இல்லை என்று அவருக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. காற்று போகிற வழியில் தகரம் உரசும், வளைவு தடுக்கும், தட்டு தடுக்கும், காய் தடுக்கும். இத்தனையையும் தாண்டிப்போக ஒரு தள்ளுதல் வேண்டும். டக்டுக்குள் அது அழுத்தமாக நிற்கும். ஸ்டேடிக் பிரஷர் என்பது அதைத்தான். தடுப்பு கூடினால் அழுத்தம் கூடும், ஆனால் ஓடுகிற காற்று குறையும். டக்ட் விம்முவதைப் பார்த்து, ஆகா காற்று நிறைய வருகிறது என்று நினைப்பவன்தான் மோட்டாரை மாற்றச் சொல்வான். நான் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார். பிறகு, "அப்ப எத்தனை எச்.பி. போடுவோம்?" என்றார். எனக்குத் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

குறை எங்கே என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வாஸ்து பார்த்து அடுப்பை அக்னி மூலையில் கட்டியிருந்தார்கள். அறை இருப்பதோ எதிர் மூலையில். நடுவில் டக்ட் இரண்டு இடத்தில் செங்குத்தாக முறிந்து திரும்பியது. இதுதான் கோளாறு என்று முதல் நாளே தீர்ப்பு எழுதிவிட்டேன். இரண்டு முறிவையும் வெட்டி எடுத்து, வாட்டமாக வளைத்து, உள்ளே காற்றைத் திருப்பிவிடத் தகடு வைத்துப் புதிதாகக் கட்டினேன். கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் தண்ணீர் டியூபின் ஒரு முனையை டக்டில் துளைபோட்டுச் செருகி, இரு பக்கத் தண்ணீரும் எவ்வளவு ஏறி இறங்கி நிற்கிறது என்று ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். தண்ணீர் கொஞ்சம்தான் ஏறியது, அப்படியென்றால் வழியில் தடுப்பு குறைவு. அறைக்குள் கையை நீட்டினால் காற்று சட்டையைத் தூக்கியது. வேலை சுத்தம்.

அங்கே அடுப்பு பார்த்தது ஓர் அக்கா. ஐம்பது வயதிருக்கும். தேவாரம் ஊர்க்காரர், புருஷன் இல்லை. எஸ்டேட் லயத்தில், கூலிக்காரர் குடியிருப்பு வரிசையில், ஒற்றை அறை கொடுத்திருந்தார்கள். அடுப்பு வேலை இருக்கும்வரைதான் அந்த அறையும். நான் டியூபைப் பிடித்துக்கொண்டு நின்றபோது அவர் சொன்னார்:

"காலியா இருக்கப்ப காத்து நல்லாத்தான் வருது பாய். காய் ஏத்துனப்பறம் ஒருக்கா வந்து பாருங்களேன். தட்டுக்கு அடியிலயே முட்டிக்கிட்டு நிக்குது."

"நீங்க அடுப்பப் பாருங்கக்கா. காத்த நான் பாத்துக்கிறேன்" என்றேன்.

காய் ஏற்றிய பிறகு நான் பார்த்ததே இல்லை. காய்ந்த காயை இறக்கிவிட்டு அறையைக் காலியாக வைத்திருக்கும் காலை நேரத்தில்தான் உள்ளே புகுந்து வேலை செய்ய முடியும். காய்ந்த மூட்டைகளை ஏற்றிக்கொண்டு ஒரு மணிக்கு ஒரு ஜீப் போடிக்கு இறங்கும். அதில் நானும் தொற்றிக்கொள்வேன். காய் எடுக்கிற பெண்கள் காட்டிலிருந்து சாக்கோடு வருவது மூன்றரைக்கு. காலையில் அவர்கள் ஜீப்பில் வந்து இறங்கும்போது பார்ப்பதோடு சரி.

புது டக்ட் போட்ட மூன்றாம் நாளும் மேல்தட்டு மஞ்சள். முதலாளியே மலைக்கு வந்துவிட்டார். பெண்கள் ஜீப்பிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த நேரம். ஒரு பிடி வெளுத்த காயை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"வெளிநாட்டுல என்னத்தப் பாய் கத்துட்டு வந்தீக?"

இருபது பெண்களுக்கு முன்னால் கேட்டார். சுருக்கென்று ஏறிவிட்டது.

"காத்த அளந்து குடுத்துட்டேன். அடுப்புல சூடு இல்லேன்னா டக்ட் என்ன செய்யும்? ஈர வெறகப் போட்டுப் புகைய விட்டா இப்படித்தான் வரும்" என்று அடுப்பறைப் பக்கம் விரலை நீட்டினேன்.

ஈர விறகை நான் பார்த்ததில்லை. வாயில் வந்தது, சொன்னேன்.

அந்த அக்கா கையில் ஒரு விறகோடு வெளியே வந்தார். "தொட்டுப் பாருங்க மொதலாளி. நீங்களாச்சும் தொட்டுப் பாருங்க பாய்." யாரும் தொடவில்லை. அன்றைக்கே கணக்கை முடித்து, அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். ஒரு மணி ஜீப்பில் ஒரு டிரங்குப் பெட்டியும் இரண்டு பாத்திரமுமாக எனக்கு எதிரே உட்கார்ந்து வந்தார். அத்தனை கொண்டை ஊசி வளைவிலும் நான் வெளியே பார்த்துக்கொண்டே வந்தேன். என்மேல் தப்பில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அடுப்புக்குப் புது ஆள் வந்தான். காய் மஞ்சளாகத்தான் வந்தது. முதலாளி மோட்டாரை மாற்றினார். அழுத்தம் தாங்காமல் டக்ட் இணைப்புகள் பிளந்து சூடெல்லாம் வழியிலேயே ஒழுகியது. திரும்ப என்னைத்தான் கூப்பிட்டார்கள். இணைப்புகளை அடைத்து முடித்த அன்று ஒரு மணி ஜீப்பில் மூட்டை போக நிற்கக்கூட இடமில்லை. பெண்களைக் கீழே கொண்டுபோகும் நாலு மணி ஜீப்புக்கு எரிச்சலோடு காத்திருந்தேன்.

மூன்றரைக்குப் பெண்கள் வந்தார்கள். காயைக் கழுவி, தட்டில் ஏற்றிவிட்டுத்தான் கிளம்பவேண்டும் என்பது எஸ்டேட் சட்டம். நாலு மணிக்கு மேல் நிற்கமாட்டேன் என்பது ஜீப் டிரைவரின் சட்டம், மேட்டில் மூடுபனி இறங்கிவிடும். கழுவி முடிப்பதற்குள் ஹாரன் ஆரம்பித்துவிட்டது. பெண்கள் ஒருத்தியை ஒருத்தி விரட்டினார்கள்.

"வெரசா கொண்டா, வெரசா கொண்டா!"

சாக்கை அப்படியே தட்டில் கவிழ்த்தார்கள். உள்ளங்கையால் ஒரு தேய்ப்பு, அடுக்கில் ஒரு தள்ளு. ஒவ்வொரு தட்டிலும் நாலு விரல் உயரத்துக்கு ஈரக்காய். பக்கத்தில் இரண்டாவது அறை ஒன்று உண்டு. அதற்குப் போகும் டக்டை மூடி, உள்ளே உர மூட்டை அடுக்கியிருந்தார்கள். அதனால் அத்தனை காயும் இந்த ஒரே அறைக்குள்.

புளோயர் ஓட ஆரம்பித்ததும் டியூபைச் செருகினேன். காலையில் பார்த்ததைப்போல் மூன்று மடங்கு ஏறி நின்றது தண்ணீர். அறைக்குள் ஏறி மேல்தட்டுக்கு மேலே கையை நீட்டினேன். ஒன்றுமில்லை. காற்று அடியிலேயே முட்டிக்கொண்டு நின்றது. அந்த அக்கா சொன்ன அதே வார்த்தை. டக்டின் உராய்வை மில்லிமீட்டர் கணக்கில் பார்த்தவன், வழியில் கிடந்த காயைப் பார்க்கவில்லை. என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ள வேண்டும்போல் இருந்தது.

சரி செய்ய இரண்டு நாள்கூட ஆகவில்லை. உர மூட்டைகளை வெளியே போட்டு இரண்டாவது அறையைத் திறந்தோம். காயை மெல்லிசாகப் பரப்பச் சொன்னேன். டிரைவரிடம் மல்லுக்கட்டி அரை மணி நேரம் வாங்கினேன். மேல்தட்டிலும் காய் பச்சைப்பசேல் என்று வந்தது. முதலாளி என் முதுகில் தட்டினார். "இத அப்பவே சொன்னது அந்த அடுப்புக்கார அக்காதாண்ணே. ஈர வெறகுன்னு நான் சொன்னது பொய்" என்றேன். "அது முடிஞ்ச கதை பாய். விடுங்க" என்றார்.

விட முடியவில்லை. தேவாரத்துக்குப் பஸ் ஏறிப் போனேன். அந்த அக்கா தன் மகள் வீட்டில் இருந்தார், தக்காளிக் காட்டில் கூலிக்குப் போய்விட்டு அப்போதுதான் வந்திருந்தார். நடந்ததையெல்லாம் சொன்னேன். முதலாளியிடமும் சொல்லிவிட்டேன் என்றேன்.

"மொதலாளிகிட்ட மட்டுந்தானா?"

"ஆமாக்கா."

"அன்னைக்கு அம்புட்டுப் பேரு முன்னாலயும் சொன்னீகள்ல. இதையும் அவுக முன்னாலயே சொல்லுங்க."

மறுநாள் காலை ஜீப்பிலிருந்து பெண்கள் இறங்கியதும் முற்றத்தில் நின்று சொன்னேன். விறகு காய்ந்த விறகுதான், அந்த அக்கா மேல் ஒரு தப்பும் இல்லை, நான்தான் காலி அறையை அளந்துவிட்டு வாய்க்கு வந்ததைச் சொன்னேன் என்று. கூடையை இடுப்பில் கட்டிக்கொண்டிருந்த ஒரு பெண் மட்டும் நிமிர்ந்து பார்த்தாள்.

"வெறகு காஞ்சதுன்னு எங்களுக்கு அன்னைக்கே தெரியும் பாய். நாங்கதான அடுக்குனோம்."

"பெறகு ஏன் யாரும் சொல்லல?"

"நீங்க எங்களக் கேக்கலையே" என்றாள். கூடையை இறுக்கிக் கட்டிக்கொண்டு காட்டுக்குள் போய்விட்டாள். மற்றவர்களும் போனார்கள். லயத்தில் அந்த அக்கா இருந்த அறையில் புது அடுப்புக்காரன் குடும்பத்தோடு இருந்தான். அவன் பெண்டாட்டி வாசலில் குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள்.