அம்மா எழுந்து நடந்தாள்

முதலில் சொன்ன விலைக்கு இரும்புக்கடைக்காரர் தன் வாழ்நாளில் எதையும் வாங்கியதில்லை. செருப்பானாலும் சரி, குடியிருக்கும் வீடானாலும் சரி. பள்ளிக்கூடத்தை மூன்றாம் வகுப்போடு கைகழுவியவர். அதனால் பள்ளிக்கூடத்துக்குத்தான் நஷ்டம் என்று அறுபது வயதிலும் அடித்துச் சொல்வார். தள்ளுவண்டியில் ஓட்டை வாளி பொறுக்கி ஆரம்பித்தவருக்கு இன்று சொந்தமாகக் கிரேன் இருக்கிறது. துருப்பிடித்த கதவைத் தட்டிப் பார்த்தே எடை சொல்லிவிடுவார். தப்பினால் தராசுதான் தப்பு.

இவ்வளவு கெட்டிக்காரருக்கும் ஒரு கூட்டாளி உண்டு. அவருடைய அம்மா. எடைமேடைக்குப் பக்கத்தில், என்றோ உடைத்த பேருந்திலிருந்து கழற்றிய இருக்கையில் உட்கார்ந்து கடையை ஆள்பவள். கடைத்தெருவே அவளைத் தராசம்மா என்றுதான் கூப்பிடும்.

இருவரும் சாமான் வாங்கப் போகும் அழகே தனி. விலை படியவில்லை என்றால் அம்மா விருட்டென்று எழுந்து, "வேணாம், வாடா" என்று நடையைக் கட்டுவாள். மகன் மட்டும் அசையாமல் உட்கார்ந்திருப்பார். அம்மா சரியாக மூன்றாவது கடை வாசலில் போய் நின்று முந்தானையை உதறிக்கொண்டிருப்பாள். அதற்குள் வியாபாரி எழுந்து வாசலுக்கே வந்துவிடுவான். "அட, கூப்பிடுங்க அவங்கள, பாத்துக் குடுக்கலாம்" என்பான். நாற்பது வருடமாக ஒருமுறைகூடச் சறுக்காத வித்தை.

அந்த அம்மாவுக்குத்தான் கணையத்தில் புற்றுநோய் வந்து ஈரல்வரை பரவியிருந்தது. ஸ்கேன் எடுத்த அன்று மகன் அந்த எந்திரத்தைச் சுற்றி வந்து, இது எத்தனை டன் தேறும் என்று அங்கிருந்தவரிடம் கேட்டார். உள்ளே படுத்திருந்த அம்மா, "வெளிய ஸ்டீலு, உள்ள பூரா செம்புக் கம்பியா இருக்கும், விட்றாத" என்றாள்.

பெரிய டாக்டர் அம்மாள் நிதானமானவர். மேசைமேல் வண்ணவண்ணமாய் ஒரு பிளாஸ்டிக் குடல் இருந்தது. பிளாஸ்டிக், தேறாது என்று மகன் அதை ஒதுக்கிவிட்டார். டாக்டர் எல்லாவற்றையும் விளக்கிவிட்டு, "மருந்து ஏத்துறதுன்னா மொத்தம் ஆறு சுற்று" என்றார்.

"நாலு" என்றார் மகன்.

"என்ன நாலு?"

"வயசானவங்க டாக்டர். ஆறு தாங்காது. நாலோட முடிச்சுக்குவோம். எனக்கும் வேணாம், உங்களுக்கும் வேணாம்."

"ஐயா, இது பேரம் பேசுற விஷயம் இல்ல."

இதைச் சொல்லாத வியாபாரியை அவர் பார்த்ததே இல்லை. பேச்சு சரியான தடத்தில்தான் போகிறது என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். அம்மா குறுக்கே புகுந்தாள்.

"ஏம்மா, இதை ஏத்தினா நோவு போயிடுமா?"

"போகாதும்மா. கொஞ்ச காலம் அடக்கி வைக்கலாம்."

"அந்தக் கொஞ்ச காலமும் நான் எங்க கெடப்பேன்?"

"அடிக்கடி இங்க வர வேண்டியிருக்கும். சோர்வு, வாந்தி இருக்கும். சில பேர் நல்லா தாங்குறாங்க, சில பேருக்கு முடியறதில்ல."

"ஏத்தலன்னா?"

"காலம் குறையலாம். ஆனா வலி தெரியாம பாத்துக்க முடியும்."

அம்மா கைப்பையை எடுத்தாள். "வேணாம்" என்றாள். எழுந்தாள். கதவைத் திறந்துகொண்டு நடந்துவிட்டாள்.

மகனுக்கு உள்ளூரக் குளுகுளுவென்றிருந்தது. உடம்பு இப்படி இளைத்த பிறகும் வித்தையை மறக்கவில்லையே! கால்மேல் கால் போட்டுக்கொண்டு விட்டத்தைப் பார்த்தார்.

"நீங்க போய் அவங்களைக் கூப்பிடலையா?" என்றார் டாக்டர்.

"நீங்கதானே கூப்பிடணும்?" என்றார் இவர்.

டாக்டர் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு, "இதைவிட லேசான மருந்தும் ஒண்ணு இருக்கு. பலன் குறைவு, தொந்தரவும் குறைவு. அவங்ககிட்ட சொல்லிப் பாருங்க. முடிவு அவங்களோடது" என்றார்.

படிந்துவிட்டது! நாற்காலி கீழே விழாத குறையாக எழுந்து ஓடினார். மருந்துக்கடை வரிசையில் தேடினார். ரத்தம் எடுக்கும் அறை வாசலில் தேடினார். அம்மா எங்கும் நிற்கவில்லை. வாசலைத் தாண்டி, சாலையையும் தாண்டி, எதிர்ப்பக்கத்துப் பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்து வீட்டுக்குப் போகும் வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எறங்கி வந்துட்டாங்கம்மா! லேசான மருந்து தராங்களாம்!"

"டேய், நான் மூணாவது கடையிலயா நின்னேன்?"

அவர் திரும்பி ஆஸ்பத்திரி வாசலைப் பார்த்தார்.

"வாங்குற எண்ணம் இருந்தா மூணாவது கடையில நிப்பேன். இல்லன்னா வீட்டுக்குப் போயிடுவேன். இத்தனை வருஷம் என்கூட சுத்தின, இதுகூடவா தெரியல?"

அன்றிலிருந்து வீட்டில் ஒரே ரணகளம். "ஒரே ஒரு சுற்று, எனக்காக" என்பார் மகன். "உனக்குன்னா நீ ஏத்திக்க" என்பாள் அம்மா. எனக்குக் கிரேன் வாங்கத் தெரியும், ஒரு வைத்தியம் பார்க்கத் தெரியாதா என்று கத்துவார். கிரேனையும் அவள்தான் பேரம் பேசி வாங்கினாள் என்பது அப்போது அவருக்கு ஞாபகம் வராது. மனைவி ஒருநாள் பொறுக்க முடியாமல், "உங்களுக்கு அத்தை நல்லா இருக்கணுமா, இல்ல டாக்டரை ஜெயிக்கணுமா?" என்று கேட்டுவிட்டாள். அன்று அவர் சாப்பிடாமல் எழுந்துவிட்டார். அம்மா இல்லாத அந்தப் பேருந்து இருக்கையைத்தான் அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அதைச் சொல்ல வாய் வரவில்லை. கத்தத்தான் வந்தது.

பிறகு ஒரு மதியம் ஒருவன் பழைய பாய்லர் ஒன்றைக் கொண்டுவந்தான். பாதி துரு, மீதி மண். அநியாய விலை சொன்னான். அம்மா ஒரு கையால் வயிற்றை அழுத்திக்கொண்டிருந்தாள். "சரி, போட்டுட்டுப் போ" என்றாள்.

கடையே நின்றுபோனது. கிரேன் ஓட்டுபவன் கிரேனை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தான். பாய்லர்காரனே நம்பாமல், "இல்லம்மா, கொஞ்சம் கொறைச்சுக்கூடக் குடுங்க" என்றான்.

மகன் சட்டையை மாற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்.

"மருந்து ஏத்த வேணாம் டாக்டர். அவங்க வேணாம்னாங்க. வலிக்கு என்ன பண்ணலாம்?"

டாக்டர் சொன்னார். வலி வந்த பிறகு அல்ல, வருவதற்கு முன்பே வேளை தவறாமல் கொடுக்க வேண்டிய மருந்து. அதனால் வயிறு கட்டிக்கொள்ளும், அதற்கு இன்னொன்று. வீட்டுக்கே வந்து பார்க்க ஒரு நர்ஸ். சொல்லிவிட்டுக் காத்திருந்தார்.

"சரி" என்றார் மகன்.

"சரியா? ஒண்ணும் கொறைக்கச் சொல்லலையா?"

"இல்ல." கதவுவரை போனவர் திரும்பி வந்தார். "கொசுறா உங்க போன் நம்பர் குடுங்க."

டாக்டர் சிரித்துவிட்டு எழுதிக் கொடுத்தார்.

அம்மா நடந்ததையெல்லாம் கேட்டாள். "மொதல்ல சொன்னதுக்கேவா தலையாட்டிட்டு வந்த?"

"ஆமா."

"உருப்பட்ட மாதிரிதான்" என்றாள். ஆனாலும் மகன் ஊட்டிய மருந்தை முகம் சுளித்து விழுங்கிவிட்டு, அவர் கையை விடாமல் சற்று நேரம் பிடித்துக்கொண்டிருந்தாள்.

வலி அடங்கியதும் வாய் திரும்பிவிட்டது. அடுத்து வந்தவன் ஒரு லாரி அச்சைக் கொண்டுவந்து வானத்துக்கும் பூமிக்குமாக விலை சொன்னான். அம்மா மகனைப் பார்த்தாள். இப்போது எழுந்து நடக்க அவளுக்குத் தெம்பில்லை. மகன் விருட்டென்று எழுந்தார். "வேணாம்மா, எனக்கு வேற வேலை இருக்கு" என்று தன் சொந்தக் கடையைவிட்டே வெளியேறினார்.

மூன்றாவது கடை வாசலில் போய் நின்று சட்டையை உதறினார். பின்னால் அம்மா பேசுவது கேட்டது. "அவன் கோவக்காரன்ப்பா. நீ கொஞ்சம் எறங்கி வா, நான் கூப்பிட்டுச் சொல்றேன்."

அவளுடைய குரல் இப்போதெல்லாம் மெலிந்துதான் வருகிறது. "டேய், வாடா" என்று அவள் கூப்பிட்டது முதல் தடவையே அவர் காதில் விழுந்தது. விழாதவர்போல நின்றார். இன்னொரு தடவை கூப்பிடட்டும் என்று.