திரையில் ஒன்று, உள்ளே பூச்சியம்

மச்சான் மௌத்தாகி என் தங்கை வீட்டைவிட்டு வெளியே போகாமல் இத்தா இருந்த மாதங்களில்தான் நான் சி என்ற கணினி மொழி படித்துக்கொண்டிருந்தேன். மாத நடுவில், பொழுதுபட்டு மஃரிப் பாங்கு சொல்லும் வேளையில் அவர் போனார். அதனால் இத்தாவின் நான்கு மாதமும் பத்து நாளும் என்பதை, பிறைக் கணக்குப் பாராமல் மாதத்துக்கு முப்பதாக, நூற்று முப்பது நாளாக எண்ணச் சொன்னார் பள்ளிவாசல் மௌலவி. அன்றைய திகதியும் நேரமும் என் நாட்குறிப்பில் உள்ளன.

பதினெட்டு நாள் கழிந்தபோது, கலண்டரைப் பார்த்தால் மூச்சு முட்டுகிறது, மிச்ச நாளை மட்டும் காட்டும் ஓர் இலக்கம் போதும் என்றாள் தங்கை. அவளுடைய மடிக்கணினியில் ஒரு சிறு நிரல் எழுதிக் கொடுத்தேன். மிச்சம் 112 என்று இட்டேன். தினமும் மஃரிப் ஆனதும் ஒரு விசையை அழுத்தினால் ஒன்றைக் குறைத்துக் காட்டவேண்டும். அதற்காக ‘மிச்சம்’ என்ற பெயருக்குப் பின்னால் இரண்டு கழித்தல் குறிகளை இட்டேன். ஒரே வரியில் முடித்துவிட்டதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

கடைசி நாள் மஃரிப் தொழுதுவிட்டுத் தங்கை வீட்டுக்குப் போனேன். மறுநாள் காலை கல்முனையில் அவள் மகளின் பாடசாலைப் பரிசளிப்பு விழா. உம்மா வருவாவா என்று மூன்று வாரமாகக் கேட்டுக்கொண்டிருந்த மகள், என்னோடு கதைக்காமல் உள்ளே போய்விட்டாள்.

“ஏலா எண்டு சொல்லிப்போட்டன் காக்கா. இன்னும் ஒரு நாள் கிடக்கு” என்றாள் தங்கை. திரையில் 1 என்று இருந்தது.

நாட்குறிப்பை எடுத்து இரண்டு முறை எண்ணினேன். அந்த மஃரிப்போடு நூற்று முப்பதும் முடிந்திருந்தது. பிறகு நிரலைத் திறந்து பார்த்தேன். கழித்தல் குறி பெயருக்குப் பின்னால் நின்றால், கணினி இருக்கிற இலக்கத்தை முதலில் எடுத்துத் திரைக்குக் கொடுத்துவிடும். அதன் பிறகே உள்ளே ஒன்றைக் கழிக்கும். முன்னால் நின்றால்தான் கழித்துவிட்டுக் கொடுக்கும். முதல் மாலை 111 வரவேண்டிய இடத்தில் 112 வந்ததை நாங்கள் இருவருமே கவனிக்கவில்லை.

அதை அவளிடம் சொன்னேன்.

“அப்ப உள்ளுக்கு எத்தினை?”

“பூச்சியம்.”

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். “முடிஞ்ச நாளையும் மிச்சமெண்டு நினைச்சுக்கொண்டு இருந்திருக்கன்” என்றாள்.

குறியை முன்னால் மாற்றக் கையை நீட்டினேன்.

“விடுங்க காக்கா, இனி என்னத்த எண்ணுற?”

மகளைக் கூப்பிட்டு, அலுமாரியில் இருந்த அபாயாவை அயன் பண்ணச் சொன்னாள். விழா எத்தனை மணிக்குத் தொடங்கும் என்று கேட்டாள். இரண்டாம் தரம் கேட்ட பிறகுதான் மகள் பதில் சொன்னாள்.