தேர்வுக் குழுவில் ஐந்தாவது குரல்

இது நடந்தது. நம்பாதவர்கள் கோத்தகிரிப் பக்கம் அரவேணுவில் பஸ்ஸை விட்டு இறங்கி, மளிகைக்கடை நாச்சிமுத்து வீடு எது என்று கேட்டுப் பார்க்கலாம். வீட்டைக் காட்டுவார்கள். எதிரே நிற்கும் கரண்ட் கம்பத்தைப் பற்றிக் கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

நாச்சிமுத்துவின் மகள் வேலாமணி. இருந்த வேலையை விட்டுவிட்டு, கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் எலெக்ட்ரிகல் பிரிவில் பிஎச்.டி. சேர்ந்தவள். ஆராய்ச்சியைத் தொடர வேண்டுமானால் தகுதித் தேர்வில் தேறியாக வேண்டும். வாய்மொழித் தேர்வு. முதல் முறை நாக்கு ஒட்டிக்கொண்டு, தெரிந்ததைக்கூடச் சொல்லாமல் கோட்டை விட்டாள். இரண்டாம் முறையும் போனால் பதிவு ரத்து. மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

கொரோனா காலம் என்பதால் தேர்வு லேப்டாப்பில். காலை பத்து மணிக்கு. பாதியில் கேமராவை விட்டு எழுந்தால் தேர்வு செல்லாது என்று கறாராகச் சொல்லியிருந்தார்கள்.

அன்றைக்கென்று பார்த்து, ராத்திரி மழையில் மரம் சாய்ந்து ஊர் முழுக்கக் கரண்ட் இல்லை.

"நம்ம லைன்மேன் செல்லக்கண்ணு பார்த்துட்டு இருக்கானாம், அம்மிணி. உனக்குப் பரிச்சைன்னு சொல்லி அனுப்பினேன். அப்பவும் கரண்ட் வர மத்தியானம் ஆயிருமாம்" என்றார் அப்பா.

வேலாமணிக்கு அழுகையே வந்துவிட்டது. மகள் கண் கலங்கினால் நாச்சிமுத்துவுக்குப் பொறுக்காது. மைக்செட் கடையிலிருந்து சின்ன ஜெனரேட்டர் ஒன்றைத் தூக்கி வந்தார். இரண்டு முனையிலும் பிளக் வைத்த வயரை எடுத்து, ஒரு முனையை ஜெனரேட்டரிலும் மறு முனையை வீட்டுப் பிளக் பாயிண்டிலும் செருகினார்.

இப்படிச் செய்வதற்கு முன் மெயினை அணைக்க வேண்டும். அணைக்காவிட்டால் ஜெனரேட்டர் கரண்ட் வீட்டைத் தாண்டி, வெளியே கம்பத்துக்கும் ஏறிவிடும். எலெக்ட்ரிகல் படிக்க வந்த முதல் வருஷப் பிள்ளைக்கும் தெரிந்த பாடம்.

"மெயின் ஆஃப் பண்ணீட்டீங்களாப்பா?" உள்ளே இருந்தபடியே கேட்டாள்.

"பண்ணியாச்சு. நீ படி."

அவள் எழுந்து போய்ப் பார்க்கவில்லை. ஒன்பது மணிக்கு ஜெனரேட்டர் ஓட ஆரம்பித்தது.

பத்து மணி. திரையில் நான்கு கட்டங்கள், நான்கு முகங்கள். தலைவர் பேராசிரியர் லிங்கசாமி கேள்விகளை ஆரம்பித்தார். இந்த முறை நாக்கு ஒட்டவில்லை. கேட்டதற்கெல்லாம் பதில் வந்தது. தேறிவிடுவோம் என்ற தெம்பும் கூடவே வந்தது.

ஜன்னலுக்கு வெளியே ஒரே பனி. எதிர்க் கம்பத்தின் மேல்பாதி தெரியவில்லை. அந்தப் பனிக்குள் மங்கலாக ஒரு வெளிச்சம். வேலாமணி அதைப் பார்த்தாள். மனதில் ஏறவில்லை.

பதினொரு மணி இருக்கும். திரையில் ஐந்தாவதாக ஒரு கட்டம் வந்தது. முழுக் கறுப்பு. பெயர் இல்லை. கர்ர்ர்... என்று ஓர் இரைச்சல். பிறகு ஒரு குரல்.

"ஏனுங்க அம்மிணி... ரெண்டு பக்கமும் ஆஃப் பண்ணின லைன்ல கரண்ட் எப்படிங்க வரும்?"

வெளியிலிருந்து வந்த தேர்வாளராக இருக்கும், நம் பக்கத்து ஆள் போலிருக்கிறது என்று நினைத்தாள்.

"ஏதாவது ஒரு வீட்ல ஜெனரேட்டர் ஓடலாம் சார். மெயின் ஆஃப் பண்ணாம விட்டிருந்தா..."

"யாருக்கும்மா பதில் சொல்றீங்க?" என்றார் லிங்கசாமி. "நாங்க ஒண்ணும் கேக்கலையே."

கர்ர்ர்...

"எந்த வீடுங்க?"

வேலாமணி மெல்ல ஜன்னல் பக்கம் திரும்பினாள். மத்தியானம் வரை ஊருக்குக் கரண்ட் வராது. எதிர்க் கம்பத்தில் தெருவிளக்கு எரிந்துகொண்டிருந்தது.

எழுந்தால் தேர்வு போயிற்று. எழாவிட்டால்...

எழுந்து ஓடினாள்.

சுவரில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மெயின்கள். ஒன்று கடைக்கு, ஒன்று வீட்டுக்கு. அப்பா அணைத்திருந்தது கடை மெயினை.

வீட்டு மெயினை இழுத்து இறக்கினாள். ஜெனரேட்டரையும் நிறுத்தினாள். வெளியே விளக்கு அணைந்தது. இன்டர்நெட்டும் போயிற்று.

கம்பத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்தாள்.

"செல்லக்கண்ணு அண்ணா..."



பனி கொஞ்சம் விலகியது.

முதலில் இரண்டு கால்கள் தெரிந்தன.

பிறகு இடுப்புப் பெல்ட்...

தலை பின்னால் தொங்கிக்கொண்டிருந்தது.

கோத்தகிரி ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்தார். உயிர் போய் வெகுநேரம் ஆகிவிட்டது, ஒன்பது மணி வாக்கிலேயே போயிருக்கும் என்றார். அந்தக் கேள்வி வந்தது பதினொரு மணிக்கு.

நாச்சிமுத்து அதன்பிறகு கடையைத் திறக்கவில்லை. "நான்தானே அம்மிணி... நான்தானே..." என்று சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். வேலாமணியாலும் அவருக்கு ஆறுதல் சொல்ல முடியவில்லை.

மூன்றாம் நாள் லிங்கசாமி போன் செய்தார்.

"பாஸ் பண்ணீட்டீங்கம்மா."

"சார்... நான் பாதியிலேயே எழுந்து போயிட்டேனே. நெட்டும் போயிருச்சு."

"எங்க போனீங்க? படம் மட்டும்தான் போச்சு. கடைசி வரைக்கும் பதில் சொன்னீங்களே. தொண்டை கட்டி, ஆம்பளைக் குரல் மாதிரி இருந்துச்சு. அவ்வளவுதான்."

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"கம்பியைத் தொடறதுக்கு முன்னால என்ன செய்யணும்னு கேட்டோம். ரெண்டு பக்கமும் எர்த் ராடு மாட்டணுங்க, தப்பி வர்ற கரண்ட் மண்ணுக்குப் போயிருங்கன்னு கரெக்டா சொன்னீங்க. ஆனா அப்புறம்..."

"அப்புறம்... என்ன சார்?"

"'அம்மிணிக்குப் பரிச்சைன்னு அவசரமா ஏறிட்டேனுங்க, ராடு மாட்டலீங்க'ன்னு சொல்லிச் சொல்லி அழுதீங்க. யாரும்மா அந்த அம்மிணி?"