கண் திறக்கிற ஸ்டெல்லா

கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் பக்கத்திலுள்ள எங்கள் ஸ்டூடியோவின் ஷட்டரைப் பாதி தூக்கியிருந்தேன். போன் வந்தது. ஸ்டெல்லாவின் கணவர். "ண்ணா, ஸ்டெல்லா பூட்டா. காத்தால நெஞ்சு வலின்னா, அவ்ளோதான்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "தலமாட்ல வைக்க ஒரு போட்டோ பெருசா போட்டு எடுத்துனு வாங்கண்ணா" என்றார். பதினோரு வருடம் பக்கத்து நாற்காலியில் இருந்தவளின் படத்தை நான் தனியாக உட்கார்ந்து போட்டேன்.

அவளிடம் படம் கொடுத்து வேலை வாங்கிய வாடிக்கையாளர்கள் உங்களுக்குத் தெரியும். பழைய படத்தின் பூஞ்சையையும் மடிப்பையும் போட்டோஷாப்பில் எங்களில் யாரும் எடுத்துவிடுவோம். கண் திறக்க ஸ்டெல்லாதான் வேண்டும். உயிரோடு இருந்தபோது படமே எடுக்காதவர்களை, இறந்த பிறகு நாற்காலியில் உட்காரவைத்து எடுத்த படங்கள் வரும். புது வீட்டில் மாட்டுவதற்கு, மூடிய கண்ணைத் திறந்து கேட்பார்கள். நெட்டில் கிடைக்கும் கண்களை அவள் தொடமாட்டாள். "ஊர் பேர் தெரியாதவன் கண்ண வச்சா, ஊட்ல வேத்தாளு குந்திகினு கீற மாதிரி இருக்கும்ணா" என்பாள். மகனையோ தம்பியையோ வரச்சொல்லிப் படமெடுத்து, அந்தக் கண்ணைத்தான் பொருத்துவாள்.

தேர்வாய் கண்டிகையிலிருந்து வள்ளியம்மா தன் கணவரின் அப்படிப்பட்ட படத்தோடு வந்தார். பிள்ளை இல்லை, அவருக்குக் கூடப்பிறந்தவர்களும் இல்லை. நான் முடியாது என்றுவிட்டேன். ஸ்டெல்லா வாங்கிக்கொண்டாள். தன்னையே படமெடுத்து, புருவத்தைத் தடிப்பாக்கி, கண்மையை அழித்து, தன் கண்ணையே அவருக்கு வைத்தாள். வள்ளியம்மா படத்தை முகத்தருகே கொண்டுபோய்ப் பார்த்தார். "அவுரேதான். என்னியே பாக்குறாரு" என்றார்.

அதன் பிறகு சும்மாவே கடைக்கு வருவார். ஸ்டெல்லா நிமிர்ந்து பார்த்தால் மட்டும் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தலைகுனிவார். ஏன் அப்படிச் செய்கிறோம் என்று அவருக்கே தெரிந்திருக்காது. நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன். ஸ்டெல்லாவுக்கும் அது உறுத்தியது. "நான் இருக்கற வரிக்கும் சொல்லிடாதண்ணா. அந்தம்மா ஒடஞ்சிடும்" என்றாள்.

அடக்கத்துக்கு வள்ளியம்மாவும் வந்தார். கண்ணாடிப் பெட்டிக்குள் கண்மூடிக் கிடந்தவளைப் பார்த்து எல்லோரையும்போல அழுதார். பிறகு தலைமாட்டில் நான் வைத்திருந்த படத்தைப் பார்த்தார். கை தானாக முந்தானைக்குப் போய், பாதியில் நின்றது. என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"எங்க ஊட்டு போட்டோல கீறது இந்தப் பொண்ணு கண்ணாப்பா?"

இனி மறைப்பதற்கில்லை. ஆமாம் என்றேன். படத்தைத் திருப்பித் தந்துவிடுவாரோ என்று பயந்தேன். அவர் கேட்டது வேறு.

"அப்ப இனிமே அவுரு பாக்கமாட்டாரா?"

பார்ப்பாரம்மா என்றேன்.

அதற்குப் பிறகு இரண்டு முறை வள்ளியம்மாவின் வீட்டுக்குப் போய்விட்டேன். வள்ளியம்மா எதுவும் கேட்காமல் உள்ளே விடுகிறார். மாலை போட்ட அந்த மனிதரின் முன்னால் நிற்கப் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஸ்டெல்லா நிமிர்ந்து பார்ப்பது இப்போது அங்கே மட்டும்தான். போன வாரம் வள்ளியம்மா பக்கத்தில் வந்து நின்றார். "கண்ணு கொஞ்சம் கலங்கினாப்பல கீது, பாத்தியா?" என்றார்.

பார்த்தேன். கலங்கித்தான் இருந்தது. சரிசெய்து தருகிறேன் என்று நான் சொல்லவில்லை. ஸ்டெல்லாவிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அந்தப் பார்வை ஒன்றுதான். அதில் கைவைக்க மாட்டேன்.