காற்றாடத் திறந்த கட்டு

என் கணவருக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். இடது கையில் ரத்தக் குழாய்களைச் சேர்த்துத் தைத்திருந்தார்கள். அது ஊசி தாங்கும் அளவுக்குத் தடிக்க ஆறு வாரம் ஆகும். அதுவரை வலது கழுத்தில் செருகியிருந்த குழாய்தான் வழி. அதன் கட்டை டயாலிசிஸ் சிஸ்டரைத் தவிர யாரும் தொடக் கூடாது, உள்ளே கிருமி போனால் நேரே ரத்தத்தில் கலக்கும் என்று சொல்லி அனுப்பினார்கள். அதைப் பெரிய எழுத்தில் எழுதிக் கட்டிலின் தலைமாட்டில் ஒட்டினேன். எங்கள் வீட்டுக்கு வந்த அத்தனை பேருக்கும் படிக்கத் தெரியும்.

செவ்வாய்க்கிழமை பசுவந்தனையிலிருந்து அவருடைய அண்ணன் வந்தார். எனக்கு அத்தான் முறை. சிறுநீரகம் கெட்டவருக்குப் போளிப் பொட்டலம், கூடவே கோயில் திருநீறு. நான் மாலை நாலு பத்துக்கு மருந்துக் கடைக்குப் போய் நாலு முப்பத்தைந்துக்குத் திரும்பினேன். கழுத்தில் பிளாஸ்டர் பாதி உரிந்து தொங்கியது. குழாய் நுழையும் துவாரத்தைச் சுற்றித் திருநீறு. மேலே மின்விசிறி முழு வேகத்தில் ஓடியது.

"கையைக் கழுவினீங்களா அத்தான்?"

"சாமி விஷயம்லா, கழுவாம தொடுவேனா? இப்படி மூடி வச்சா புண்ணு புழுங்கத்தாம்மா செய்யும். காத்தாடட்டும்னு திறந்தேன்."

கழுவிய கைதான். நகக்கண்ணில் கரிசல் மட்டும் அப்படியே இருந்தது.

"விடு. அண்ணன் ஆசையாப் பூசுதாவ" என்றார் என் கணவர். இருபது வருடம் எட்டாம் வகுப்புக்கு நுண்ணுயிரிகள் பாடம் நடத்தியவர்.

டயாலிசிஸ் பிரிவுக்குப் போன் செய்தேன். உடனே வரச் சொன்னார்கள். "நாளைக்குத்தான் போறோம்லா" என்று சொல்லிவிட்டு, அறிவியல் வாத்தியார் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் மெஷினில் போட்டு அரை மணி நேரத்தில் குளிர் நடுக்கம். கட்டில் ஆடியது. காய்ச்சல் நூற்று மூன்று. ரத்தத்தில் கிருமி கலந்துவிட்டது என்றார் டாக்டர். குழாயை உருவினார்கள், ஆன்டிபயாடிக் ஏற்றினார்கள். இரண்டு நாள் கழித்து இடது கழுத்தில் புதிய குழாய்.

அத்தான் ஆஸ்பத்திரிக்கும் வந்தார்.

"பாத்தியாலே, அன்னிக்குத் திருநீறு பூசப் போய்த்தான் உசுரு தப்பிச்சே" என்று சொல்லிக்கொண்டே சட்டைப் பையில் கையை விட்டார்.

என் கணவர் இடது கழுத்தை உள்ளங்கையால் மறைத்தார். "அண்ணே, நெத்தியில மட்டும் பூசுங்க. கழுத்துப் பக்கம் கை வரக் கூடாது."

அத்தான் தம்பியைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார், நான்தான் சொல்லிக் கொடுத்தேன் என்பதைப் போல. பிறகு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நெற்றியில் அப்பினார். தலையணையில் கொஞ்சம் உதிர்ந்தது. அவர் செருப்பைப் போடுவதற்குள் உறையை மாற்றிவிட்டேன்.