அந்தக் கடற்கரை வழியைக் கண்டது யார்

நாலாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. அதற்குப் பிறகு நான் செய்ததையெல்லாம் வரிசையாகச் சொல்கிறேன், கேளுங்கள். கப்பல் பட்டறையில் துரு சுரண்டிக்கொண்டே பக்கத்தில் நின்று பார்த்து வெல்டிங் பிடித்துக்கொண்டேன். சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டுச் சந்து ஒன்றில், ஐந்தடி நடைபாதையில், ஒரு பம்பும் பசை டப்பாவுமாக உட்கார்ந்தேன். இன்று அதே சந்தில் கதவு வைத்த சைக்கிள் கடை என்னுடையது. சுவா சூ காங்கில் வீடு வாங்கினேன். மோட்டார் சைக்கிள் டயரைவிடத் தடித்த டயர் போட்ட ஃபேட் பைக் இந்த ஊருக்கு வந்த புதிதில், விலையைக் கேட்டு எல்லோரும் ஓடினார்கள். நான் பழைய சைக்கிளில் சக்கரம் நிற்கும் கவைகளை வெட்டி, அகலமாக ஒட்டி, அந்த டயரை நுழைத்தேன். ஒட்டாது, உடையும் என்றார்கள். இன்றுவரை உடையவில்லை. கூடாரமும் சமையல் சட்டியும் வைக்க, சட்டத்தில் கட்டும் பைகளை ஜாக்கெட் தைக்கும் தையல்காரரிடம் லாரித் தார்ப்பாயில் தைத்து வாங்கினேன். அவருக்கு அளவு சொன்னதும் நான்தான்.

இதற்கெல்லாம் மேலே, மலேசியாவில் தெசாரு பக்கத்துக் கடற்கரை வழி. அதைக் கண்டது நான். இப்போது அதைத்தான் என்னிடமிருந்து எடுத்துக்கொள்ளப் பார்க்கிறார்கள்.

நாங்கள் நான்கு பேர் சேர்ந்து போவோம். நான், என் மனைவி, புக்கிட் மேராவில் இருக்கும் பாய், கிளமெண்டியிலிருந்து வரும் சார். பாய்க்கு நாணயம் மாற்றும் கடை. சார் ஓர் அலுவலகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர், யாழ்ப்பாணத்து வம்சம், எதையும் கைபேசியில் பதிந்து வைக்காமல் நகரமாட்டார். சாங்கியில் படகு பிடிப்போம். பன்னிரண்டு பேர் சேர்ந்தால்தான் படகு கிளம்பும். சைக்கிள்களைக் கூரை மேல் படுக்கவைத்து, அக்கரையில் இறங்கி, தார் ரோட்டில் மிதித்து, பிறகு மணலில் இறங்குவோம். மணலில் இறங்குமுன் டயரில் காற்றைக் குறைக்க வேண்டும். கட்டைவிரலால் அமுக்கினால் இட்லி போல அமுங்க வேண்டும். அதைச் சொல்லிக்கொடுத்ததும் நான்தான்.

முதல் தடவை போனபோது ஓர் ஆறு கடலில் விழும் இடத்தில் வழி முடிந்துவிட்டது. சார் திரும்பலாம் என்றார். பாய் உட்கார்ந்தே விட்டார். நான் அங்கே வலை உலர்த்திக்கொண்டிருந்த மலாய் மீனவர் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். அவர் கையைக் காட்டினார். கடல் வற்றும்போது ஆற்றுவாயில் ஒரு மணல் திட்டு எழும், அதன் மேல் நடந்தே போகலாம் என்றார். காத்திருந்தோம். தண்ணீர் இறங்கியது. நான் முன்னால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனேன், கணுக்கால் மட்டுக்குத்தான் தண்ணீர். மூவரும் பின்னால் வந்தார்கள். சாரின் கைபேசி அவர் சைக்கிள் கைப்பிடியில் நாங்கள் போன வழியைக் கோடாக வரைந்துகொண்டே வந்தது. அன்று அதை நான் ஒரு பொருட்டாக எண்ணவில்லை.

போன மாதம் பாய் சைக்கிளைக் கடைக்குக் கொண்டுவந்தார். வந்ததும், "நல்லா இருக்கீங்களா அண்ணே, ஒடம்பு எப்படி?" என்றார். இத்தனை வருடப் பழக்கத்தில் அவர் என் உடம்பைப் பற்றி விசாரித்ததே கிடையாது. அங்கேயே எனக்குச் சுருக்கென்றது.

சக்கரத்தைக் கழற்றினேன். அச்சைச் சுற்றி எஃகு உருளைகள் இருக்கும் இடத்தில் மணல் நறநறத்தது. கிரீஸ் பால் போல வெளுத்திருந்தது.

"எங்கே போனீங்க பாய்?"

"ஈஸ்ட் கோஸ்ட் பார்க்லா. மழையில மாட்டிக்கிட்டேன்."

கிரீஸில் விரலை வைத்து நாக்கில் தொட்டேன். கரித்தது. மழை எந்த ஊரில் கரிக்கும்? துடைத்து, புதுக் கிரீஸ் போட்டுக் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்தால், மனைவியின் சைக்கிள் பையின் மடிப்பில் சவுக்கு இலை. ஈஸ்ட் கோஸ்ட்டிலும் சவுக்கு மரம் உண்டு, அதனால் வாயைத் திறக்கவில்லை. குளிர்பெட்டியில் மீன் கெரோப்போக் அப்பளம் ஒரு பொட்டலம். அது இங்கே கேலாங் சந்தையிலும் கிடைக்கும், அதற்கும் பேசாமல் இருந்தேன். ஆனால் அதற்கு முந்திய வாரக்கடைசி அவள் புக்கிட் மேராவில் தோழி வீட்டில் தங்கப்போவதாகச் சொல்லிச் சைக்கிளோடு கிளம்பியவள். தோழி வீட்டுக்கு யாராவது கூடாரம் எடுத்துப் போவார்களா? பரணில் கூடாரம் மாற்றி மடித்து வைக்கப்பட்டிருந்தது. நான் மடிக்கிற மடிப்பு எனக்குத் தெரியாதா?

எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தேன். என்னை விட்டுவிட்டு, என் வழியில் போயிருக்கிறார்கள். ஏன்?

அடுத்த ஞாயிறு காலை தேக்கா சந்தை டீக்கடையில் என் மனைவியும் சேர்ந்து மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். நான் வருவதைப் பார்த்ததும் சார் கைபேசியைக் கவிழ்த்தார். நான் நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

"தண்ணி எவ்வளவு இருந்துச்சு சார், ஆத்துவாயில?" என்று நேராகக் கேட்டேன்.

சார் டீயை உறிஞ்சினார். பாய் என் மனைவியைப் பார்த்தார். அவள்தான் பேசினாள்.

"பாய்க்கு நெஞ்சு மட்டும். என் சைக்கிளை அலை அடிச்சுட்டுப் போயிருச்சு. ரெண்டு பேரும் நீந்திப் பிடிச்சாங்க. போதுமா?"

"திட்டு இருக்கும்னுதான் இறங்கினோம் அண்ணே," என்றார் பாய். "சாரோட போன்ல கோடு நேரா தண்ணிக்குள்ளதான் போவுது."

"கோடு சரியாத்தான் இருந்துச்சு," என்றார் சார். "தண்ணிதான் சரியில்ல."

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கினேன். அந்தக் கோட்டை வரைந்தது கடல் வற்றியிருந்த மத்தியானம். அவர்கள் இறங்கியது கடல் ஏறிக்கொண்டிருந்த காலை. கோட்டுக்குக் கடல் தெரியுமா?

"என்னை ஏன் கூப்பிடல?"

பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. சமூக மன்றத்துச் சைக்கிள் குழு சுவரில் ஒரு பலகை வைக்கிறதாம், தூரப் பயணம் போகிறவர்களுக்கு வழிகாட்ட. சார் தன் கோட்டைக் கொடுத்திருக்கிறார். இன்னொரு தடவை போய்ப் பார்த்து உறுதி செய்யச் சொன்னார்களாம். பலகையின் அடியில், வழியைக் கண்டவர் என்று சாரின் பெயர்.

"நீங்க வந்தா வழி பூரா நீங்கதான் பேசுவீங்க," என்றார் சார், என் முகத்தைப் பார்க்காமல்.

"சாருக்கு அது காரணம். எனக்கு வேற காரணம்," என்றாள் மனைவி. "ஒரு தடவையாவது நான் முன்னால போவணும்னு நெனச்சேன். நீங்க இருந்தா விடுவீங்களா?"

"முன்னால போய்த்தானே சைக்கிளை விட்டே?"

"விட்டேன். அடுத்த தடவையும் நான்தான் முன்னால போவேன்."

பாய் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். நான் சாரை விடவில்லை.

"வழியைக் கண்டது நீங்களா?"

"பதிஞ்சது நான்தானேலா. பதியலேன்னா அது வழியே இல்ல. அதுவுமில்லாம, காட்டினது அந்த மீன்காரர். நீங்க இல்ல."

"மீன்காரர் காட்டினாரு. கேட்டது யாரு? நீங்க திரும்பலாம்னு ஹெல்மெட்டை மாட்டிக்கிட்டிருந்தீங்க. பாய் உட்கார்ந்துட்டாரு."

"உட்கார்ந்தது நெசம்தான்," என்றார் பாய்.

"முதல்ல தண்ணியில கால் வெச்சது யாரு?"

மனைவி தன் கோப்பையை என் பக்கம் நகர்த்தி, "குடிங்க, ஆறிப்போவுது," என்றாள். அதற்கு என்ன அர்த்தம் என்று இன்னும் எனக்கு நிச்சயமில்லை. அவள் யார் பக்கம் என்பது அப்போதும் தெரியவில்லை, இப்போதும் தெரியவில்லை.

நேராகச் சமூக மன்றத்துக்கே போய்ப் பலகையைப் பார்த்தேன். இன்னும் மாட்டவில்லை, சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். அழகாகத்தான் இருந்தது. சிவப்புக் கோடு ஆற்றுவாயைத் தாண்டி ஜம்மென்று போகிறது. கடல் எப்போது ஏறும், எப்போது வற்றும் என்று ஒரு சொல் இல்லை. அதை நம்பி யாராவது பிள்ளைகுட்டியோடு இறங்கினால்? அங்கிருந்த பெண்ணிடம் சொன்னேன். அங்கிள், குழுவிடம் சொல்கிறேன் என்றார். இப்படி எத்தனை "சொல்கிறேன்" கேட்டவன் நான்.

அதனால் இங்கேயே எழுதி வைக்கிறேன். அந்தப் பலகையை மாட்டுமுன் இரண்டு காரியம் நடக்க வேண்டும். கடல் வற்றும்போது மட்டும் கடக்கவும் என்று பெரிய எழுத்தில் போட வேண்டும். கோட்டை வரைந்தவர் சார் என்று போடட்டும், நான் மறுக்கவில்லை. கடற்கரை மீனவர் ஒருவர் சொல்லித் தெரிந்தது என்றும் போடட்டும். ஆனால் அந்த வழியைக் கேட்டு, காத்திருந்து, முதலில் கால் வைத்துக் கடந்தவன் என்று என் பெயர் இருக்க வேண்டும். மேல் வரியில், சாரின் பெயருக்கு முன்னால், அதே அளவு எழுத்தில்.